வக்கீல் உட்காரும் இடம்

மஞ்சள் தபால் பெட்டிக்கு நாலடி முன்னால் வக்கீல் உட்கார்ந்துவிட்டது. நேற்றும் அங்கேதான். அதற்கு முந்தின நாளும் அங்கேதான். வீட்டு வாசலிலிருந்து எழுநூறு மீட்டர், அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி என்னை இழுத்துக்கொண்டு வரும். பெட்டி வந்ததும் பின்னங்கால்களை மடக்கி நடுத்தெருவில் அமர்ந்து, தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்க்கும். அதன் மேல் விழாமல் இருக்க நான் ஒரு காலைத் தூக்குவேன். கயிறு மற்றக் காலைச் சுற்றும். அப்புறம் நாங்கள் இருவருமாகத்தான் உட்கார்ந்திருப்போம்.

"வக்கீல் சார் இன்னிக்கும் வாய்தா வாங்கிட்டாரு," என்றார் பின்னால் சைக்கிளில் வந்த கணவர்.

வக்கீல் எங்கள் நாய். ஹஸ்கி இனம், இருபத்தேழு கிலோ, ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு. எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசும் என்பதால் அந்தப் பெயர். குரைக்காது, வாதாடும். "வூ-ஊ-வூ" என்று ஏற்ற இறக்கத்தோடு, நடுநடுவே மூச்சுவிட்டு, நாம் பதில் சொல்ல இடம் கொடுத்து. கணவர் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையின் வாடிக்கையாளர் ஒருவர் வெளிநாடு போகும்போது, "ரெண்டே வாரம்" என்று விட்டுப் போனார். ஐந்து மாதம் ஆகிறது.

நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்டும் என் பொறுப்புதான். காலையில் நாங்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பிய நிமிடத்திலிருந்து வக்கீல் கட்டடம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி வழக்கை நடத்தும். சோபாவின் ஒரு கையை முழுசாகத் தின்றிருந்தது. குடியிருப்போர் சங்கத்தில் புகார்க் கடிதம் எழுதினார்கள். ஒன்பது வீட்டுக் கையெழுத்து விழுந்துவிட்டது. பத்தாவது, சங்கச் செயலாளருடையது. அது விழுந்தால் வக்கீல், காவலுக்கு நாய் தேடும் ஒரு கிடங்குக்காரரிடம் போகும். அவர் வந்து பார்த்துவிட்டும் போனார். "நல்ல சங்கிலி ஒண்ணு இருக்கு எங்கிட்ட," என்று வக்கீலின் கழுத்தை விரலால் அளந்தார்.

செயலாளர் என் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி. அண்ணி எங்களுக்கு நேர் மேல் வீட்டில் தனியாக இருக்கிறார். மருந்துக்கடை வைத்திருக்கிறார். எதையும் நாள், மணி, அளவு போட்டு எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

கால்நடை மருத்துவர்தான் வழி சொன்னார். "இது பாரம் இழுத்து ஓடப் பொறந்த நாய். நீங்க வீட்டுக்குள்ள பூட்டி வெச்சா அந்த ஓட்டமெல்லாம் வாய் வழியாத்தானே வரும்? காலையில, குளிர்ச்சியா இருக்கிறப்போ, அஞ்சு கிலோமீட்டர் ஓட்டுங்க. வெயில் ஏறினா வேண்டாம், அதோட ரோமம் தாங்காது. சாப்பாடு ஓடி முடிச்ச பிறகு." மாதக் கடைசி ஞாயிறன்று ஊருக்கு வெளியே மரக்காட்டில் நாயோடு சேர்ந்து ஓடும் பந்தயம் நடத்துவதாகவும் சொன்னார். ஆளின் இடுப்பையும் நாயையும் ஒரே கயிறு இணைக்கும். நாய் முன்னால், ஆள் பின்னால். நாய் இழுக்க வேண்டும், ஆள் நாயை இழுக்கக் கூடாது.

அண்ணியிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

"நீ ஓடப் போறியா? உடற்பயிற்சி சைக்கிள் வாங்கி அதுல துணி காயப்போட்டவதானே நீ?"

"இது வேற அண்ணி."

"சரி. அந்தப் பந்தயத்துல அஞ்சு கிலோமீட்டரையும் நீயும் அதுவும் சொந்தக் கால்ல ஓடி முடிங்க. முடிச்சா நீ தினமும் ஓடுறேன்னு இந்தக் கட்டடமே நம்பும், நான் கையெழுத்துப் போட மாட்டேன். நடுவுல நின்னா அன்னிக்கு சாயங்காலமே போட்டுருவேன். தம்பி பொண்டாட்டின்னு பார்க்க மாட்டேன்."

"தம்பியைப் பார்ப்பியாக்கா?" என்றார் கணவர்.

"உன்னை நாப்பத்தஞ்சு வருஷமா பார்த்தாச்சு."

இந்த ஓட்டத்துக்கு மூன்று பொருள்தான் வேண்டும். முதலாவது, நாய்க்கு ஒரு ஹார்னெஸ். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டினால் இழுக்க இழுக்கத் தொண்டை நெரியும். ஹார்னெஸ் மார்பெலும்பில் அழுந்தி, விலா வழியாகப் போய், முதுகில் ஒரு வளையத்தில் முடியும். மூச்சுக்குத் தடை இல்லை. வக்கீலோடு சேர்ந்தே வந்த ஒன்று எங்கள் கதவு ஆணியில் தொங்கியது. இரண்டாவது, கயிறு. இரண்டு மீட்டர், நடுவில் ரப்பர் இழை. லிஃப்ட் குழியின் அடியில் ஸ்பிரிங் வைத்திருப்போமே, அதே வேலைதான் இதற்கும். நாய் திடீரென்று பாய்ந்தால் அந்த அதிர்ச்சியை ரப்பர் விழுங்கிவிடும், நம் முதுகெலும்பு பிழைத்துக்கொள்ளும். மூன்றாவது, ஆளுக்கு ஒரு பெல்ட். அதை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். உயரத்தில் வேலை செய்யும்போது நான் மாட்டிக்கொள்ளும் சேஃப்டி பெல்ட் இருக்கிறதே! தோள், தொடை எல்லாம் சேர்த்துக் கட்டி, நடுமார்பில் இரும்பு வளையத்தோடு வருவது. நான் பத்தாவது மாடியிலிருந்து விழுந்தாலே தாங்கும். ஒரு நாயைத் தாங்காதா?

முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. 'போ', 'வலது', 'இடது', 'மெதுவா' என்று நாலு வார்த்தை சொல்லிக்கொடுத்தேன். முதல் மூன்றும் வக்கீலுக்கு ஒரே நாளில் வந்தன. நாலாவதை மட்டும் அது ஆட்சேபித்தது. இரண்டாவது வாரம் எழுநூறு மீட்டர் நிற்காமல் ஓடினோம். அன்றுதான் முதன்முதலாகத் தபால் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வேறு நாயின் வாசனை என்றார் கணவர். ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் எடுத்துப் போய்ப் பெட்டியைத் தேய்த்துக் கழுவினார். தபால்காரர் வந்து நின்றுவிட்டார்.

"சார், இதுல கடிதம் போடணும். குளிப்பாட்டக் கூடாது."

"உள்ள தண்ணி போகலைங்க. மேலோட்டமாத்தான்."

"தலைக்கும் ஊத்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் பூட்டைத் திறந்தார்.

மறுநாள் பளபளவென்றிருந்த பெட்டிக்கு முன்னால் வக்கீல் உட்கார்ந்தது. மஞ்சள் நிறம் பிடிக்கவில்லையோ என்று பழைய போர்வையால் மூடினோம். போர்வைக்கு முன்னால் உட்கார்ந்தது. பாதத்தில் முள்ளா என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. வேடிக்கை என்னவென்றால், திரும்பி வரும்போது அதே பெட்டியை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் தாண்டி வந்துவிடும். வாய்க்கால் கரை வழியாக ஓடினால் மூன்று கிலோமீட்டர் எங்கேயும் நிற்காது.

"இதுக்குப் போயா மண்டையை உடைக்கிறே?" என்றார் கணவர். "காட்டுக்குள்ள எவன் தபால் பெட்டி வைக்கப் போறான்? பந்தயம் வரைக்கும் வாய்க்கால் கரையிலேயே ஓடு."

நியாயமாகத்தான் பட்டது. வாய்க்கால் கரையிலேயே ஓடினோம். வக்கீலும் மாறத் தொடங்கியிருந்தது. ஓடிவிட்டு வந்தால் தண்ணீர் குடித்து, தின்று, குளியலறைத் தரையில் கம்பளம் மாதிரி விரிந்து தூங்கிவிடும். பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மரக்காட்டுப் பாதையை ஒருமுறை ஓடிப் பார்க்கப் போனோம். இரண்டரைக் கிலோமீட்டர் தாண்டி, இருபுறமும் மரங்கள், நடுவில் ஒற்றையடிப் பாதை. அங்கே வக்கீல் உட்கார்ந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

சுற்றுமுற்றும் தபால் பெட்டி இல்லை.

திரும்பிப் போகும் வழியெல்லாம் எனக்குக் கிடங்குக்காரரின் அந்த விரல்தான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழுது உண்டு. லிஃப்ட் ஏழாவது மாடியில் மட்டும் நின்றுவிடும். புதிதாக வந்தவன் ஏழாவது மாடிக்குப் போய்க் கதவைக் கழற்றுவான், பூட்டைக் கழற்றுவான், சுவிட்சை மாற்றுவான். ஏழாவது மாடியில் ஒரு குற்றமும் இருக்காது. லிஃப்ட் பெட்டிக்கு அடியில் ஒரு மின்கம்பி வளைந்து தொங்கும். பெட்டி ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வளைவு இடம் மாறிக்கொண்டே இருக்கும். கம்பிக்குள் ஓர் இழை அறுந்திருந்தால், வளைவு சரியாக அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் இணைப்பு விட்டுப் போகும். அது ஏழாவது மாடியில் நடக்கிறது, அவ்வளவுதான். எனவே நின்ற இடத்தைப் பார்க்காதே, நின்ற நேரத்தில் கம்பி எப்படி இருந்தது என்று பார் என்பது எங்கள் பாடம். பதினெட்டு வருஷம் மற்றவர்களுக்குச் சொன்னதை நானே மறந்து ஒரு தபால் பெட்டியைக் குளிப்பாட்டியிருக்கிறேன்.

தபால் பெட்டியிடம் என்ன இருக்கிறது? அங்கேதான் தெரு இறங்கத் தொடங்குகிறது. காட்டிலும் அது இறக்கம். திரும்பி வரும்போது அதே இடம் ஏற்றம், அதனால் நிற்பதில்லை. வாய்க்கால் கரை தட்டை.

இறக்கத்தில் கயிறு என்ன ஆகிறது? கணவரைக் கூப்பிட்டேன்.

"கொஞ்சம் நாய் மாதிரி நில்லுங்க."

"கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தானே நிக்கிறேன்?"

நாலு காலில் நின்றார். ஹார்னெஸை அவர் முதுகில் போட்டுக் கயிற்றை என் மார்பு வளையத்தில் மாட்டினேன். தரையில் நின்றபோது கயிறு ஏறக்குறையப் படுத்தவாறு, பின்னோக்கித்தான் இழுத்தது. பிறகு நான் சோபா மெத்தைகளை அடுக்கி அவற்றின் மேல் ஏறி, இறக்கத்தில் பயப்படும்போது செய்கிற மாதிரியே பின்னால் சாய்ந்தேன். நாய் கீழே, நான் மேலே, வளையமோ நெஞ்சில். கயிறு விறைத்து நின்றது. பின்னால் அல்ல, மேலே இழுத்தது. கணவரின் சட்டை முதுகில் கூடாரம் மாதிரி எழும்பியது.

"மேல இழுக்குது. அதுக்கு ஏன் உட்காரணும்? எனக்கு எந்திரிக்கத்தான் தோணுது," என்றார்.

அதுதானே? ஹார்னெஸை வக்கீலுக்கு மாட்டினேன். முதுகு வளையத்தைப் பிடித்து லேசாக, இரண்டு விரலால், மேலே தூக்கினேன். வக்கீல் சட்டென்று உட்கார்ந்தது. தலையைத் திருப்பி என் முகத்தை அல்ல, என் வலது கையைப் பார்த்தது. நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டது.

மறுபடி செய்தேன். மறுபடி உட்கார்ந்து வலது கையைப் பார்த்தது.

"இதுக்கு யாரோ தீனி கொடுத்துப் பழக்கியிருக்காங்க. நீங்களா?"

"நான் இன்னும் உனக்கே எதையும் பழக்கி முடிக்கலை."

எங்கள் வீட்டுச் சாவி எங்களைத் தவிர ஒருவரிடம்தான் இருந்தது. நான் புகார்க் கடிதத்தின் நகலை எடுத்தேன். எழுதியவர் அண்ணி, எழுத்து மணிமணியாக: "தினமும் காலை 9.00 முதல் 12.50 வரையிலும், பகல் 2.40 முதல் 6.00 வரையிலும் மேற்படி நாய் ஊளையிடுகிறது."

"நடுவுல ஒரு மணி அம்பது நிமிஷம் வக்கீலுக்கு என்ன, உணவு இடைவேளையா?" என்றேன்.

கணவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "மருந்துக்கடைக்கும் அதே நேரம்தான் இடைவேளை."

மறுநாள் பன்னிரண்டே முக்காலுக்கு எங்கள் கட்டட லிஃப்டில் 'பழுது: வேலை நடக்கிறது' என்ற பலகையை மாட்டினேன். அந்தப் பலகையைப் பொய்யாக மாட்டியது என் தொழில் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மூன்றாம் நபருக்குத் தெரிய வேண்டாம். முதல் மாடிப் படியில் கருவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு மணிக்கு மேலேயிருந்து செருப்புச் சத்தம். கூடவே நகங்கள் தரையில் தட்டும் சத்தம்.

"மெதுவா வாடா ராசா, அத்தைக்கு முட்டி வலிக்குதுல்ல. என்ன அவசரம்? ரஸ்க் எங்க போயிரும்?"

திருப்பத்தில் அண்ணி என்னைப் பார்த்தார். வக்கீலும் பார்த்து, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் "வூ-ஊ-வூ" என்று வாக்குமூலம் கொடுத்தது. அண்ணியின் கையில் கயிறு, கைப்பையின் ஓரத்தில் பாதி ரஸ்க்.

"லிஃப்ட் சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆயிடும் அண்ணி. ராசா எங்க கிளம்பிட்டாரு?"

"மத்தியானம் கண்ணை மூட விடலை. திட்டலாம்னு கீழ வந்தேன். திருப்பிப் பேசிச்சு. எங்கிட்ட இத்தனை வருஷத்துல யாரு திருப்பிப் பேசியிருக்கா? அதான்…" ரஸ்க்கைப் பைக்குள்ளே தள்ளினார். "நிழல்ல ஒரு சுத்து நடத்திக் கூட்டிட்டு வந்தா தூங்குது. நானும் தூங்குறேன்."

"புகார் எழுதினது நீங்கதானே?"

"அது செயலாளர் எழுதினது. இது நான்."

எனக்கு வேண்டியது வேறு விவரம். "ரோடு தாண்டுறப்போ என்ன பண்ணுவீங்க அண்ணி?"

"ஓரத்துல நின்னு, முதுகு வளையத்தை மேல தூக்குவேன். உட்காரும். வண்டி போனதும் வலது கையால ஒரு துண்டு ரஸ்க். மூணு மாசமா ஒரு நாள் தப்பலை. எவ்வளவு அழகா உட்காரும் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. தபால் பெட்டிக்கும் தெரியும்."

விஷயத்தைச் சொன்னேன். ஒரே கயிறு, இரண்டு சேதி. பின்னால் இழுத்தால் 'நீ முன்னால் போ', மேலே தூக்கினால் 'உட்கார், ரஸ்க் வரும்'. வக்கீல் இரண்டையும் பிசகாமல் படித்திருக்கிறது. இறக்கத்தில் நான்தான் என் சேஃப்டி பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பின்னால் சாய்ந்து, தெரியாமல் 'உட்கார்' என்று சொல்லியிருக்கிறேன். அது உட்கார்ந்து ரஸ்க்குக்குத் திரும்பிப் பார்த்தால், நான் அதன் மேல் விழுந்திருக்கிறேன். உலகத்திலேயே மிகக் கீழ்ப்படிந்த நாயைப் பிடிவாதக்காரன் என்று வைதிருக்கிறோம்.

அண்ணி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்போ அது நின்னா காரணம் நானா?"

"பாதி நீங்க. பாதி என் பெல்ட்டு."

"அந்தக் கிடங்குக்காரன் சங்கிலி வெச்சிருக்கானாமே?"

"ஆமா."

அண்ணி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "பந்தயத்துக்கு ஒன்பது நாள் இருக்கு. என்ன பண்ணணும்னு சொல்லு. ஆனா சொன்ன சொல்லு சொன்னதுதான். நின்னீங்கன்னா கையெழுத்துப் போடுவேன்."

அன்று மாலையே ஓட்டத்துக்கான பெல்ட் வாங்கினேன். அகலமான பட்டை. இடுப்புக்கும் கீழே, பின்பக்கத்தைத் தாங்குகிற மாதிரி உட்காரும். இரண்டு தொடைப் பட்டைகள் அது மேலே ஏறாமல் பிடித்துக்கொள்ளும். கயிறு மாட்டும் கொக்கி தொப்புளுக்கு ஒரு சாண் கீழே. கணவரை மறுபடி நாயாக்கி, மறுபடி மெத்தை மேல் ஏறிப் பார்த்தேன். சாய்ந்தால் கயிறு இப்போதும் கொஞ்சம் மேலே இழுத்தது. சாயாமல் முழங்காலை மடக்கி, சின்னச் சின்ன அடியாக வைத்தால் படுத்தே இருந்தது.

"சட்டை எழும்பலை," என்று தரையிலிருந்து தகவல் வந்தது.

தபால் பெட்டித் தெருவிலேயே பழகினோம். மூன்று நாள் நடையில், பிறகு மெதுவான ஓட்டத்தில். முதல் நாள் வக்கீல் பெட்டிக்கு முன்னால் தயங்கி, ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பியது. கயிறு மேலே தூக்கவில்லை. சரி, வாய்தா இல்லை என்று புரிந்து ஓடிவிட்டது. தபால்காரர் கை தட்டினார். மத்தியானங்களில் அண்ணி ரோட்டோரத்தில் நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "உட்கார்" என்று வாயால் சொன்னார். வக்கீல் முதலில் அப்பீல் செய்தது. நாலாவது நாள் உட்கார்ந்தது.

பந்தய நாள் காலை, புல்லெல்லாம் பனி. நாற்பது நாய்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன. மருத்துவர் விசிலை ஊதியதும் என் பாதங்கள் தரையில் படுவதே குறைந்துபோயிற்று. முதல் கிலோமீட்டரில் என் வேலை ஓடுவதல்ல, விழாமல் இருப்பதுதான். "இடது" என்றால் இடது, "வலது" என்றால் வலது. "மெதுவா" என்றேன். ஆட்சேபணை.

மூன்றாவது கிலோமீட்டரில் அந்த இறக்கம். அதன் நடுவில், மரத்தடியில், அண்ணி நின்றார். அங்கே நிற்காதீர்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன். வக்கீல் அவரைப் பார்த்தது. ஓட்டம் தளர்ந்தது. மூக்கு கைப்பையின் பக்கம் திரும்பியது. என் உடம்பு தானாகப் பின்னால் சாயப் பார்த்தது. சாயவில்லை. முழங்காலை மடக்கினேன். சின்ன அடி, சின்ன அடி. கயிறு படுத்தே இருந்தது. அண்ணியின் வலது கை பழக்கத்தில் பைக்குப் போனது. அவர் இடது கையால் அதைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நான் யாரோ! எனக்கு உன்னைத் தெரியாது! போடா!" என்று கத்தினார்.

வக்கீல் "வூ-ஊ" என்று தன் கண்டனத்தைப் பதிவுசெய்துவிட்டுப் போயிற்று.

கடைசிக்கு முந்தின ஆளாக முடித்தோம். எங்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர் மட்டும், குட்டைக்கால் நாயொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இருவருமாகக் காட்சியை ரசித்தபடி வந்தார்.

அன்று சாயங்காலம் அண்ணி புகார்க் கடிதத்தோடு கீழே வந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. தாளைத் திருப்பி, பேனாவை எடுத்து, மருந்துச் சீட்டு எழுதும் எழுத்தில் எழுதினார். எழுதியதை எங்கள் கதவில் ஹார்னெஸ் தொங்கும் ஆணிக்கு மேலே ஒட்டினார்:

"நாய்: வக்கீல். காலை ஒரு ஓட்டம், மதியம் நிழலில் ஒரு நடை, உணவு ஓட்டத்துக்குப் பின். ஓடுபவர் பெல்ட்டை இடுப்புக்குக் கீழே கட்ட வேண்டும். இறக்கத்தில் பின்னால் சாயக் கூடாது, முழங்காலை மடக்கிச் சிறு அடியாக ஓட வேண்டும். உட்கார வைப்பதற்கு வாய்ச்சொல் மட்டும். வளையத்தை யாரும் மேலே தூக்கக் கூடாது."